எட்டாயிரத்து ஐந்நூறு கட்டை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ரிக்கற் போடும் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாய் ஒன்றும் நினைக்கவேண்டாம். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், நாலு பிளாஸ்ரிக் கதிரை, சுவரில் விளிம்பு சுருண்ட ஒரு உலகப்படம். வருகிறவர்களில் இளம் பொடியள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். வயதானவர்கள் விலை கேட்பதே இல்லை. அது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பாடு. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தினை மணித்தியாலம் தம்பி?"

கேட்கும்போதே மனதுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிறஷர்க் குளிசையை எந்த நேரத்துக்குப் போடுவது, முழங்கால் எவ்வளவு நேரம் மடங்கிக் கிடக்கும், நடுவில் இறங்கும் இடத்தில் தமிழ் கதைக்க யாராவது இருப்பார்களோ. அதனால் நானும் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவதில்லை. திரையில் ஒரு எண் இருக்கும், ரிக்கற்றில் ஒரு எண் இருக்கும், வீட்டுப் படலையிலிருந்து மற்ற வீட்டுக் கதவு வரைக்கும் எண்ணினால் வரும் எண் வேறு. எதைச் சொல்வது என்று ஆளைப் பார்த்து முடிவெடுப்பேன்.

போன வருசம் ஜூனில் அந்தக் கதிரையில் வந்து இருந்தது என் அம்மா. எழுபத்தாறு வயது. அண்ணன் ரொறன்ரோவில், ஸ்காபுறோப் பக்கம். அவனுடைய மூத்த மகளுக்குச் சாமத்தியவீடு, அப்பம்மா இல்லாமல் என்னெண்டு செய்யிறது என்று மூன்று மாதமாய்ப் போனில் ஒரே கரைச்சல். விசா வந்துவிட்டது. ரிக்கற் போடத்தான் வந்தார். ஆனால் எல்லாரும் கேட்கும் கேள்வியை அவர் கேட்கவில்லை.

"எத்தினை கட்டை வரும்?"

மைலை அம்மா கட்டை என்றுதான் சொல்வார். வீதியோரம் மைலுக்கு ஒன்றாய் நட்டிருந்த கட்டைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. இணுவிலில் இருந்து யாழ்ப்பாணம் மூன்றரைக் கட்டை, கண்டி இருநூறு கட்டை என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணித்தியாலத்தை அவர் நம்புவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் தூரமும் பறப்பு நேரமும் சொல்லும் இணையத்தளங்கள் கனக்க இருக்கின்றன. ஒன்றைத் திறந்து எங்கள் யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு ஜே-ஏ-எஃப் என்றும் ரொறன்ரோ பியர்சனுக்கு வை-வை-இசட் என்றும் தட்டினேன். கிட்டத்தட்ட 13,725 கிலோமீற்றர், பதினைந்தே முக்கால் மணித்தியாலம். பூமியை அச்சொட்டான உருண்டையாய் எடுத்ததா, துருவத்தில் சற்றே சப்பட்டையாய் எடுத்ததா என்பதைப் பொறுத்து கிலோமீற்றர் கொஞ்சம் கூடக் குறைய வரும். நேரத்தைப் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்: தூரத்தை மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணித்தியாலம் கூட்டுவது. அப்படி ஒரு விமானம் ஓடுகிறதா இல்லையா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

"எட்டாயிரத்து ஐந்நூறு கட்டை அம்மா."

"அவ்வளவோ?" என்றார். பயந்த மாதிரித் தெரியவில்லை. விலை கூடின தேங்காயைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி ஒரு முகம்.

அன்றிரவு வீட்டில் மகளின் உருண்டை உலகப்படத்தை மேசையில் வைத்து, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து மண்ணிற நூல் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தோம். மகள் யாழ்ப்பாணத்தில் விரலை வைத்தாள். விரல் வைத்ததும் முழு இலங்கையும் மறைந்துபோனது. நான் மற்ற முனையை ரொறன்ரோவில் பிடித்தேன். கடைச் சுவரில் இருக்கும் தட்டைப் படத்தில் பார்த்தால் மேற்கே அரபிக்கடல், ஐரோப்பா, பிறகு அத்திலாந்திக் என்று நேரே போகவேண்டும் போலத்தான் இருக்கும். உருண்டையில் நூலை அப்படிப் பிடித்தால் தொய்கிறது. இறுக்கினால் வழுக்கி வழுக்கி வடக்கே ஏறுகிறது. இறுகி நிற்கும் இடம்தான் குறுகிய வழி. கணிதத்தில் அதைப் பெருவட்டம் என்பார்கள்.

அந்த நூல் யாழ்ப்பாணத்தை விட்டு வேலூருக்கு மேலாகப் போய், மகாராட்டிரத்தைக் கடந்து, பாகிஸ்தான், தாஜிக்கிஸ்தானுக்கும் உஸ்பெக்கிஸ்தானுக்கும் இடைப்பட்ட மலைகள், கசக்ஸ்தான், ரஷ்யாவின் ஊஃபா, ஆர்க்காங்கெல்ஸ்க் எல்லாம் தாண்டி நோர்வேயின் உச்சந்தலையைத் தொடுகிறது. அங்கிருந்து பனிக்கடல். வடக்கே ஏறக்குறைய 73 பாகை வரை போய்விட்டு, கிறீன்லாந்தின் பனித்தட்டுக்கு மேலாகக் கீழிறங்கி, கியூபெக்கை நீளவாக்கில் வெட்டிக்கொண்டு ரொறன்ரோ. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உது பனிக்குள்ளாலயெல்லோ போகுது. ரண்டு ஊரும் கீழதானே கிடக்கு?"

இந்தக் கேள்வியை ஒரு பல்கலைக்கழகப் பொடியனும் என் கடையில் கேட்டிருக்கிறான். ஆகவே அம்மாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மகள் அளவுகோலால் நூலை அளந்தாள். 32 சென்ரிமீற்றரும் கொஞ்சமும். உருண்டையின் விட்டம் 30 சென்ரிமீற்றர். பூமியில் எந்த இரண்டு இடமும் சுமார் 20,000 கிலோமீற்றருக்கு மேல் விலகியிருக்க முடியாது, அதற்கு மேல் போனால் மறுபக்கத்தால் கிட்ட வரத் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் அண்ணன் இருக்கக்கூடிய ஆகத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே போய் இருக்கிறான்.

இனி ஒரு சின்ன எரிச்சலைச் சொல்லவேண்டும். பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் வரப்போகிறது என்று முகநூலில் யாராவது வருசத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். அடுத்த நாள் கடையில் நாலு பேர் வந்து நிற்பார்கள். தூரத்தைப் பார்த்தால் நடக்காத காரியம் இல்லைத்தான். சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறார்கள், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல். ஆனால் நூல் போகிற வழியைப் பாருங்கள். 2022 பெப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்பரப்பு கனேடிய விமானங்களுக்கு மூடி. 2025 ஏப்ரலில் இருந்து பாகிஸ்தான் வான்பரப்பு இந்திய விமானங்களுக்கு மூடி. நேர்கோட்டை இழுக்கும் நூலுக்கு இதெல்லாம் தெரியாது.

அதைவிடப் பெரிய சங்கதி பலாலிதான். பலாலிக்கு இப்போது வந்து போவது காற்றாடி வைத்த ஏ.ரி.ஆர் 72, எழுபது பேர் அளவில் ஏறலாம். ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து அதன் ஆகக் கூடிய எடை 23 தொன் அளவு. இப்படித் தூரம் ஓடும் போயிங் 777 ஒன்றின் தாங்கிகளை நிரப்பினால் எரிபொருள் மட்டும் 140 தொன்னைத் தாண்டும். அதாவது எண்ணெயே ஆறு ஏ.ரி.ஆர். அதைத் தூக்கி ஏற்ற மூன்று கிலோமீற்றர் அளவில் ஓடுபாதை வேண்டும். கொழும்புப் பக்கத்துப் பெரிய விமான நிலையமான கட்டுநாயக்கவில் 3,350 மீற்றர் இருக்கிறது. பலாலியில் அப்படி நீட்டுவதென்றால் நிலம் வேண்டும், அந்தச் சுற்றுவட்ட நிலம் 1990இல் இடம்பெயர்ந்த சனத்தின் வீடு வளவு, தோட்டக் காணி. முகநூலில் எழுதுபவர் இவ்வளவும் யோசிப்பதில்லை. நாளுக்கு முந்நூறு பேர் ரொறன்ரோ போக இங்கே இருக்கிறார்களா என்பதையும் யோசிப்பதில்லை. எனக்குக் கேட்டால், பலாலியிலிருந்து பெரிய விமான நிலையம் ஒன்றுக்கு ஒழுங்கான தொடர்பு கிடைத்தாலே போதும், பாதிச் சுமை இறங்கும்.

பலாலி புதிதாய் வந்த இடமும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படைக்காகக் கட்டியது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் தன் முதலாவது பறப்பை இரத்மலானையிலிருந்து மதராசுக்கு நடத்தியபோது நடுவில் இறங்கியது காங்கேசன்துறை, அதாவது இந்தப் பலாலி. டக்கோட்டா விமானம். காலையில் பலாலியில் ஏறி மதராசில் சேலை எடுத்துக்கொண்டு வந்த கலியாண வீட்டுக்காரர்களைப் பற்றி அப்பா இருந்த காலத்தில் கதை கதையாய்ச் சொல்வார். எவ்வளவு உண்மையோ தெரியாது, சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு மினுக்கம் இருக்கும். பிறகு யுத்தம். 2019 ஒக்ரோபர் 17இல் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள், நவம்பரில் சென்னைக்கு ஓடத் தொடங்கியது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப ஓடியது. இப்போது திருச்சிக்கும் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நின்றால் அந்தக் காற்றாடிச் சத்தம் கேட்கும். பலாலி எங்கள் படலையிலிருந்து பதினைந்து கிலோமீற்றருக்குள்.

ஆனால் அம்மா போனது எதிர்ப்பக்கம்.

இதைத்தான் நான் எழுத வந்தேன். பலாலி 9.8 பாகை வடக்கு, கட்டுநாயக்க 7.2 பாகை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நெட்டாங்கில் இருக்கின்றன. பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று வைத்தால் 290 கிலோமீற்றர் தெற்கே. நூலோ வேலூரைப் பார்த்து வடக்கே போகிறது. கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோவுக்கு அளந்தால் 13,995 கிலோமீற்றர் வரும். அதாவது அம்மா வீட்டை விட்டு வெளிக்கிட்டு நாள் பாதி பயணம் செய்து சேர்ந்த இடம், வெளிக்கிட்ட இடத்தைவிட ரொறன்ரோவுக்கு 270 கிலோமீற்றர் தூரம் கூட. மகளின் உருண்டையில் அது ஆறு மில்லிமீற்றர். அந்த ஆறு மில்லிமீற்றர் பின்னோக்கிப் போக எட்டரை மணித்தியாலம் ஆனது.

எங்கள் பக்கம் வான் என்றால் இரண்டு. ஒன்று மேலே இருப்பது, மற்றது கோண்டாவிலில் வாடகைக்குப் பிடிப்பது. பிடித்த வான் விடிய நாலரைக்கே வந்து படலையில் நின்றது. சாரதிப் பொடியன் இறங்கி, "அம்மா, ஒண்டும் அவசரமில்லை, ஆறுதலா வாங்கோ" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போனில் நேரம் பார்த்தான். இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. முதல் நாள் இரவு கொளுவித் தூக்கும் தராசில் நிறுத்தபோது ஒன்று 25.4 காட்டியது. புழுக்கொடியலை எடு என்றேன், பனங்கட்டியை எடு என்றாள் மனைவி. அம்மா இரண்டையும் விட்டுவிட்டு, தான் உடுக்க வைத்திருந்த இரண்டு சேலையை எடுத்து வெளியே போட்டார். சரி, அதற்குமேல் யார் என்ன சொல்ல முடியும்.

ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். நானும் கூடப் போனேன். கொடிகாமம் தாண்டி முகமாலை வரும்போது அம்மா கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டேன். பழக்கம். அவர் மணித்தியாலத்தை நம்பாததற்குக் காரணம் இருக்கிறது என்றேனே, அது இந்த வீதி. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் நேரத்தை முன்னே தள்ளினார்கள், முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதத்தில் அதை அரை மணித்தியாலமாய்க் குறைத்தார்கள். வன்னியில் புலிகள் அந்த மாற்றத்தை எடுக்கவில்லை. 2002இல் இந்த ஏ9 வீதி திறந்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் புலிகளின் பகுதி தொடங்கும் முகமாலையில் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பி, அது முடியும் ஓமந்தையில் திரும்பவும் முன்னே வைத்தோம். ஒரே தீவு, ஒரே வீதி, ஒரே பஸ். 2006 ஏப்ரலில் முழு நாட்டுக்கும் பழைய நேரமே திரும்ப வந்தது. அந்த வருச ஆவணியில் வீதியே மூடிவிட்டது. பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்காமல் அம்மா இன்றுவரைக்கும் ஒரு சுபமுகூர்த்தத்துக்கும் போனதில்லை.

ஆனையிறவில் உப்பு வெள்ளையாய்க் குவிந்து கிடந்தது. முறிகண்டியில் நிற்காமல் போக ஏலாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கி, அம்மா அதை அப்படியே கைப்பைக்குள் வைத்தார். "பேரப்பிள்ளையளுக்கு," என்றார். வவுனியாவில் தேத்தண்ணி. மதவாச்சி, அநுராதபுரம், பிறகு புத்தளம் வீதி. சிலாபத்தில் பகல் வெயில் ஏறிவிட்டது. நீர்கொழும்பில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வாகன நெரிசல். கட்டுநாயக்க வாசலில் ஒன்றரை. வீதிக்கணக்கில் 370 கிலோமீற்றர் அளவு வந்திருப்போம். அண்ணா போனில் கேட்டான், "எங்க வந்திட்டாங்கள்?" "ஆறு மில்லிமீற்றர் பின்னால," என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

சென்னையால் போயிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர், அதுவும் ஏறக்குறைய நூல் போகும் திசையிலேயே. அங்கு போனால் ரொறன்ரோ 13,390 ஆகக் குறையும், போன தூரம் வீண்போகாது. ஆனால் இரண்டும் தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து, குடிவரவைத் தாண்டி, திரும்பவும் கொடுக்கவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். சின்ன விமானத்தில் இரண்டு 23 கிலோ பெட்டிக்குக் கூலி வேறு. நான் இதை விளக்கி முடிப்பதற்கிடையில் அம்மா, "நடுவில ஒரு நாட்டுக்கை இறங்கி ஏறுறதோ? விடு," என்று முடித்துவிட்டார். டுபாயும் நடுவில் ஒரு நாடுதான் என்று நான் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்குக் கட்டுநாயக்கவிலிருந்து ஏறினார். டுபாய்க்கு 3,290 கிலோமீற்றர், நாலரை மணித்தியாலம். அங்கே ஆறு மணித்தியாலம் இருந்து, விடியப்புறம் மூன்றரைக்கு ரொறன்ரோ விமானம், 11,080 கிலோமீற்றர், பதினான்கு மணித்தியாலம். இரண்டையும் கூட்டினால் 14,370. கட்டுநாயக்கவிலிருந்து நேரே போகும் தூரத்தைவிட 375 கிலோமீற்றர்தான் கூட. லண்டனால் போனாலும் அதே அளவுதான், 14,420 வரும். வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். டுபாய் சுத்து, லண்டன் சுத்து என்று ஏசுவார்கள். வானத்தில் இவ்வளவு தூரத்துக்குப் போகும்போது நடுவில் ஒரு பக்கமாய் விலகிப் போவது ஒன்றும் பெரிய சுத்து ஆகாது. உண்மையான சுத்து தரையில், படலைக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடையில் கிடக்கிறது. அதை யாரும் ஏசுவதில்லை. பழகிவிட்டது.

டுபாயில் அம்மா ஆறு மணித்தியாலமும் தண்ணி குடிக்கவில்லை. குடித்தால் எழும்பிப் போகவேண்டி வரும், எழும்பினால் விமானம் போய்விடும் என்ற பயம். பக்கத்துச் சக்கர நாற்காலியில் சாவகச்சேரி அம்மா ஒருவர் அகப்பட்டது பெரிய காரியம். அவவும் மகளிட்டைப் போறா. இரண்டு பேரும் ஆளாளின் முழங்கால், மருமகள், வளவு, கிணறு எல்லாம் கதைத்து முடிக்க ஆறு மணித்தியாலம் காணவில்லையாம்.

இரண்டாவது விமானத்தைப் பற்றி அம்மா சொன்ன ஒரு விசயம் என்னைக் கன நாள் யோசிக்க வைத்தது. "ஏறி ஒரு கொஞ்ச நேரத்தில விடிஞ்சுது தம்பி. விடிஞ்சது விடிஞ்ச மாதிரியே கிடந்துது. பன்னண்டு மணித்தியாலமும் காலமைதான். யன்னல் சீலையை நீக்கிப் பாத்தன், சூரியன் நிண்ட இடத்திலயே நிக்குது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி மத்திய கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகிறது. வடக்கே போகப் போக அந்த வட்டம் சின்னதாகும், 60 பாகையில் சரிபாதி, மணிக்கு 835. விமானமும் மேற்கே பார்த்து ஏறக்குறைய அதே வேகத்தில் போகிறது. பூமி கிழக்கே திருப்பத் திருப்ப அம்மா அதே அளவு மேற்கே போயிருக்கிறார். சூரியன் நிற்கும்தானே. மூன்றரைக்கு ஏறிப் பதினான்கு மணித்தியாலம் பறந்து, அங்கத்தைய நேரம் காலை ஒன்பதரைக்கு இறங்கினார். நடுவில் இருந்த எட்டு மணித்தியாலம் எங்கே என்று அண்ணாவின் சின்ன மகன் கேட்டானாம். அப்பம்மா அதை யன்னலுக்கால் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். காலமை என்றபடியால் மூன்று தரம் திருநீறு பூசினாராம்.

பெட்டி எடுத்து, குடிவரவு முடித்து, அண்ணாவின் காரில் ஸ்காபுறோ வீட்டுக் கதவைத் திறக்கும்போது அங்கே பகல் பதினொன்றே முக்கால். எங்களுக்கு இரவு ஒன்பதேகால். படலையிலிருந்து கதவு வரை நாற்பதே கால் மணித்தியாலம். அதில் வானத்தில் இருந்தது பதினெட்டரை. மிச்சம் இருபத்தொன்றே முக்கால் தரையில், கதிரையில், வரிசையில்.

அன்றிரவு அண்ணா என்னோடு தனியாய்க் கதைத்தான். அம்மா படுத்துவிட்டார் என்றான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "நாற்பது மணித்தியாலம் எண்டால் பரவாயில்லை," என்றான். அவன் 1999இல் போனவன். காங்கேசன்துறையில் பாஸ் எடுத்துக் கப்பல் ஏறவே மூன்று கிழமை. திருகோணமலையில் இறங்கி, கொழும்பில் ஒரு லொட்ஜில் இரண்டு மாதம். பிறகு ஏஜென்சிக்காரன் சொன்ன சொன்ன இடமெல்லாம். மொஸ்கோவில் ஒரு அறையில் பதினொரு பேரோடு குளிர் முழுக்க இருந்ததை மட்டும் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு எங்கெங்கே என்பதை இன்றைக்கும் சொன்னதில்லை. வீட்டை விட்டு வெளிக்கிட்டு ரொறன்ரோவில் இறங்க எட்டு மாதமும் சில நாளும். அதே 13,725 கிலோமீற்றர். மகளின் உருண்டையில் மொஸ்கோவைத் தேடிப் பார்த்தேன். எங்கள் நூல் அதற்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீற்றர் அளவில் தள்ளித்தான் போகிறது.

சாமத்தியவீடு நல்லபடி முடிந்தது. முறிகண்டிக் கச்சான் நமத்துப்போயிருந்தாலும் தின்றுவிட்டார்களாம். அம்மாவுக்கு ஆறு மாதம் நிற்கலாம் என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒக்ரோபர் கடைசியிலேயே குளிர் பிடிக்கவில்லை என்று தொடங்கிவிட்டார். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்பியதும் இன்னும் மோசம். ஒன்பதரை மணித்தியாலமாய் இருந்த வித்தியாசம் பத்தரை ஆனது, நான் கடை பூட்டி வந்து எடுக்கும் நேரம் அங்கே யாரும் எழும்பியிருப்பதில்லை. "இஞ்சையும் நேரத்தை மாத்துறாங்கள் தம்பி," என்றார். ஏதோ முகமாலை அங்கேயும் வந்துவிட்ட மாதிரி.

டிசம்பருக்குத் திரும்புகிற ரிக்கற்றை நான்தான் போட்டேன். போட்டுவிட்டு எடுத்துச் சொன்னேன். டுபாய் வரைக்கும் பதின்மூன்று மணித்தியாலம்.

"போகேக்க பதினாலு எண்டாய்?"

மேலே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடுகிறது, மாரியில் அது இன்னும் பலம், போகும்போது முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் பிடித்துத் தள்ளும் என்று சொன்னேன். சோளகக் காற்றில் சைக்கிள் மிதித்த ஆள் அவர். விளக்கத் தேவையில்லை.

"அப்ப வாறது கிட்ட," என்றார். பிறகு, "கட்டுநாயக்கவிலயிருந்து வீட்டை எத்தினை?"

"அது எட்டரைதான் அம்மா."

"அதுக்குக் காத்து இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, பின்வளவு முருங்கைக்குத் தண்ணி விட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினார்.